புது வருஷத்துக்குள் விசுவாசத்தோடு போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் எங்கள் வேதபாடக் குழுவில் பாடம் ஒழுங்காக நடக்காது. யாராவது ஒருவர் புது வருஷத்தைப் பற்றி ஒரு சந்தேகத்தை எடுப்பார், அதோடு அன்றைய மாலை போய்விடும். சிலர் எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். சிலர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், பெரும்பாலும் அந்தக் கடைசி நேரக் கேள்விகள்தான் கனமானவை. பல வருஷமாக அதே சந்தேகங்களைக் கேட்டு, அதே வசனங்களைத் தேடிக் கொடுத்து வந்ததால், ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் போதகர் இல்லை, வேதத்தை வாசிக்கிற ஒரு சாதாரண விசுவாசி. வரிசையாக வாசித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

1. "விசுவாசத்தோடு புது வருஷத்துக்குள் போங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் நான் என்னதான் செய்ய வேண்டும்?

நிறையப் பேர் இதை "இந்த வருஷம் நல்லபடியாக இருக்கும் என்று உறுதியாக நம்ப வேண்டும்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நல்லபடியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் வேதாகமம் எங்கேயும் ஒரு வருஷத்தை நம்பச் சொல்லவில்லை. வருஷம் எப்படி வந்தாலும் அதற்குள் கர்த்தர் இருப்பார், என்னை விடமாட்டார், இதுதான் நான் புரிந்துகொண்ட விசுவாசம். இந்தப் பக்கத்தில் எழுதப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

உபாகமம் 11-ஐ எடுத்துப் பாருங்கள். 12-ஆம் வசனம் புது வருஷத்தில் எல்லோரும் சொல்வது: "வருஷத்தின் துவக்கமுதல் வருஷத்தின் முடிவுமட்டும் எப்பொழுதும் உன் தேவனாகிய கர்த்தரின் கண்கள் அதின்மேல் வைக்கப்பட்டிருக்கும்." அதற்கு முந்தின இரண்டு வசனங்களை அவ்வளவாக யாரும் வாசிப்பதில்லை. எகிப்தில் விதை விதைத்துக் காலால் நீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகிற தேசமோ வானத்து மழைத்தண்ணீரைக் குடிக்கிற தேசம் என்கிறார் மோசே. எகிப்தில் ஆறு இருந்தது, வாய்க்காலைத் திறந்தால் தண்ணீர் வரும், அது மனுஷன் கையில். கானானில் மழை பெய்தால்தான் உண்டு. அப்படிப் பிடிமானம் இல்லாத நிலத்தைப் பற்றித்தான் கர்த்தரின் கண்கள் அதின்மேல் இருக்கும் என்கிறார். வரப்போகிற வருஷமும் அந்த மாதிரி நிலம்தான்.

என்ன செய்ய வேண்டும் என்றால், காலையில் எழுந்ததும் அந்த ஒரு நாளை அவரிடம் கொடுத்துவிட்டு அன்றைய வேலையைப் பார்ப்பது. சின்னதாகத் தெரியும். முந்நூற்று அறுபத்தைந்து முறை செய்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

2. ஜனவரி 1 வேதாகமத்திலேயே இல்லையே, அதை ஏன் விசேஷமாக நினைக்க வேண்டும்?

உண்மைதான், இல்லை. யாத்திராகமம் 12:2-ல் கர்த்தர் இஸ்ரவேலருக்கு முதல் மாதமாகக் குறித்துக் கொடுத்தது பஸ்கா வருகிற ஆபிப் மாதம், நம் கணக்கில் மார்ச், ஏப்ரல். ஜனவரி 1 ரோமர்கள் வழியாக வந்தது. கி.மு. 153 முதல் அவர்களுடைய ஆட்சித் தலைவர்களான கான்சல்கள் அன்றைக்குத்தான் பதவியேற்றார்கள், கி.மு. 45-ல் ஜூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தி அமைத்தபோதும் அதுவே வருஷத் தொடக்கமாக நின்றது. கிறிஸ்தவ நாடுகளிலும் இது ஒரே மாதிரி இருந்ததில்லை. இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் மார்ச் 25-ல் பிறந்துகொண்டிருந்தது, 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறியது.

ஆகவே அந்தத் தேதிக்கென்று தனியாக ஒரு புனிதம் கிடையாது. அதே சமயம் ஒரு நாளில் நின்று திரும்பிப் பார்ப்பது வேதத்துக்குப் புதிதும் இல்லை. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று சங்கீதம் 90 கேட்கிறது. வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் நிறுத்தப்பட்டது இரண்டாம் வருஷம் முதல் மாதம் முதல் தேதியில் (யாத்திராகமம் 40:17). ஒருவர் அந்த நாளை விசேஷமாக எண்ணினாலும் சரி, எண்ணாவிட்டாலும் சரி, அவரவர் மனதில் நிச்சயத்தோடு கர்த்தருக்கென்று செய்யட்டும் என்று ரோமர் 14 இடம் கொடுக்கிறது. இதை வைத்து வீட்டில் சண்டை வேண்டாம்.

3. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு என்னால் போக முடியாது. ஆசீர்வாதம் குறைந்துவிடுமா அக்கா?

குறையாது. இதைக் கேட்டது மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் ஒரு தங்கை. "எல்லோரும் முழங்காலில் நிற்கும் நேரத்தில் நான் ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருப்பேன்" என்றாள். அந்த அறையிலும் கர்த்தர் இருக்கிறார், அந்தப் பாட்டி அவருடையவள், மாற்றுகிற கையும் அவருடையது. பன்னிரண்டு அடிக்கும்போது நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை வைத்து அவர் நன்மையை அளப்பதில்லை. போக முடிந்தவர்கள் கட்டாயம் போங்கள், சபையாக ஒன்றாக உட்கார்ந்து நன்றி சொல்வது பெரிய பலம். முடியாதவர்கள் குற்ற உணர்ச்சியைச் சுமக்க வேண்டாம்.

4. போன ஜனவரி 1 அன்று காலையிலேயே வீட்டில் பெரிய சண்டை. முதல் நாளே இப்படி என்றால் வருஷம் முழுக்க இப்படித்தானோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

இந்தப் பயம் நம் விசுவாசத்திலிருந்து வந்தது கிடையாது. நாட்களையும் மாதங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே என்று பவுல் கலாத்தியரிடம் வருத்தத்தோடு எழுதினார் (4:10). முதல் நாளுக்கு மீதி நாட்களை ஆளுகிற அதிகாரம் கிடையாது.

புலம்பல் 3:23-ல் அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று இருக்கிறது, வருஷந்தோறும் என்று இல்லை. ஜனவரி 2 காலையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்க அப்போது யாரும் இல்லாமல் போய்விட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

5. வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனத்தை இந்த வருஷம் கர்த்தர் எனக்கென்று சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?

புது வருஷத்தில் ஆளுக்கொரு வசனம் எழுதிய அட்டையை எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொராவிய விசுவாசிகளுக்கு, அவர்களுடைய தலைவர் சின்சென்டார்ஃப் 1728-ல் தினமும் ஒரு வசனம் கொடுக்கத் தொடங்கினார். அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் ஒரு வருஷத்துக்கான வசனங்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுப் புத்தகமாக வந்தன, இன்றைக்கும் வருகின்றன. அவர்கள் அதை ஜோசியம் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. அன்றைய நாள் முழுக்க மனதில் போட்டு அசைபோட ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் வேதத்தில் இருக்கிறது, அதனால் அது உண்மை, அதனால் அது உங்களுக்கும்தான். ஆனால் அது யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டால், கடைசியில் அது நம் ஆசையைத்தான் பேச ஆரம்பிக்கும். அட்டையைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் அதிகாரத்தை வாசிப்பது என்று எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்.

6. சிஸ்டர், போன வருஷம் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்தம் நிறைவேறவே இல்லை. என் விசுவாசம் போதவில்லையா?

இதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஒரு வருஷம் என் அப்பாவுக்குச் சங்கீதம் 91:16 வந்தது, "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அந்த அட்டையை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார், தினமும் கண்ணாடி எடுக்கும்போது பார்ப்பார். அந்த வருஷம் ஜூலையில் போய்விட்டார். பல மாதம் அந்தக் கூட்டை நான் திறக்கவில்லை. திறந்தபோது அட்டை அப்படியே இருந்தது, அவர் விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மங்கியிருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெபம் இல்லை, கோபம்.

ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தச் சங்கீதத்தை முழுதாக வாசித்தேன். அதற்கு முந்தின வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்து வராது என்று அங்கே எழுதியில்லை. அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று: சோதனைக்காரன் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி எடுத்துக் காட்டியது இதே சங்கீதத்தைத்தான். வசனம் இருக்கிறதே, தாழக் குதியும் என்றான். இயேசு குதிக்கவில்லை. வசனத்தைக் காட்டி பிதாவைக் கட்டாயப்படுத்த அவரே மறுத்தார். நான் அந்த ஒரு வருஷம் முழுக்க வசனத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போது புரிந்தது.

உங்கள் விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொன்னால் எபிரெயர் 11-ஐக் காட்டுங்கள். விசுவாச வீரர்களின் நீண்ட வரிசையைச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாரும் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று 39-ஆம் வசனம் சொல்கிறது. அடையவில்லை, ஆனாலும் நற்சாட்சி. என் அப்பாவைப் பற்றி நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

7. "இந்த வருஷம் உனக்குப் பெருக்கத்தின் வருஷம், இரட்டிப்பின் வருஷம்" என்று ஒருவர் தீர்க்கதரிசனமாகச் சொன்னார். நம்பலாமா?

எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். யூதாவிலிருந்து ஜனங்கள் பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போயிருக்கிற நேரம். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும், இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தர் பேரில் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்குவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. அது நடந்தது ஐந்தாம் மாதம், அவன் அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் எழுபது வருஷம் என்று இருந்தது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். நாம் புது வருஷத்தில் விரும்பிச் சொல்லும் எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். ஆனாலும் வார்த்தை உண்மையானது.

அதனால் தீர்க்கதரிசனத்தை அசட்டை பண்ணவும் வேண்டாம், வருகிற எல்லாவற்றையும் விழுங்கவும் வேண்டாம். சொல்லப்பட்டது வேதத்தோடு ஒத்துப்போகிறதா, அது என்னைக் கர்த்தரிடம் இழுக்கிறதா அல்லது பணத்திடமா என்று பாருங்கள். அதற்குக் காணிக்கை கேட்கப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

8. ஒவ்வொரு வருஷமும் தீர்மானம் எடுக்கிறேன், பிப்ரவரியிலேயே விட்டுவிடுகிறேன். இனிமேல் எடுக்காமலே இருந்துவிடலாமா?

தீர்மானத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பத்து தீர்மானம் எடுக்கிறவர் பத்தையும் தன் பலத்தால் தூக்கப் பார்க்கிறார். ஒன்றை எடுங்கள், அதை ஜெபமாக மாற்றிக்கொள்ளுங்கள். "இனி கோபப்படமாட்டேன்" என்பதைவிட "ஆண்டவரே, கோபம் வரும்போது என் வாயைக் காத்துக்கொள்ளும்" என்பது நீடிக்கும், ஏனென்றால் விழுந்தாலும் மறுபடி ஜெபிக்கலாம்.

ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை ஒன்றை நடத்தினார். பிற்பாடு அது மெதடிஸ்டு சபைகளில் புது வருஷ ஆராதனையாகவே நிலைத்தது. அதில் இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்ற பட்டியல் கிடையாது. நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன் என்று தன்னையே ஒப்புக்கொடுப்பதுதான் அதன் மையம். யாருடைய கையில் இருக்கிறோம் என்பது முதலில் தெளிவாகட்டும், பழக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம்.

9. ஒரு வருஷத்தில் வேதாகமத்தைப் படித்து முடிக்க வேண்டும் என்று தொடங்குவேன், லேவியராகமத்தில் நின்றுவிடுவேன். என்ன வழி?

மொத்தம் 1189 அதிகாரம், ஒரு நாளைக்கு மூன்று, நான்கு அதிகாரம் ஆகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு அது கஷ்டம்தான். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வைத்தால் 52 வாரத்தில் சரியாக முடியும், இரண்டு நாள் தவறினதைப் பிடிக்க இருக்கிறது. முதல் தடவை அப்படிச் செய்யுங்கள். தவறிவிட்டால் விட்ட தேதிக்குப் போய் மூச்சிரைக்க ஓடாதீர்கள், இன்றைய அதிகாரத்தை இன்றைக்கு வாசியுங்கள்.

10. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றால் வருஷத்துக்குத் திட்டம் போடுவதும் சேமிப்பதும் இன்சூரன்ஸ் எடுப்பதும் அவிசுவாசம்தானே?

இல்லை. அடுத்த வருஷம் இன்ன பட்டணத்துக்குப் போய் வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று சொன்னவர்களை யாக்கோபு 4-ல் கண்டிக்கிறார், திட்டம் போட்டதற்காக அல்ல. நாளைக்கு உயிரோடு இருப்போம் என்பதைத் தங்கள் சொத்துபோல் பேசினார்கள், அதற்காக. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால்" என்று சொல்லிவிட்டுத் திட்டம் போடச் சொல்கிறார்.

யோசேப்பு விளைச்சல் உள்ள ஏழு வருஷமும் தானியம் சேர்த்தான், அதைக் கர்த்தரே காட்டிக்கொடுத்தார். நெகேமியா மதில் கட்டும்போது ஜெபமும் பண்ணினான், ராத்திரி பகலாகக் காவலும் வைத்தான். திட்டத்தைப் பென்சிலில் எழுதுங்கள் என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் சொல்வார், அழிக்கும் ரப்பர் கர்த்தர் கையில் இருக்கட்டும் என்பார்.

11. வரும் வருஷத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஜனவரியில் பரிசோதனை முடிவு வரும், வேலையும் நிச்சயமில்லை. பயந்தால் எனக்கு விசுவாசம் இல்லை என்றுதானே அர்த்தம்?

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது சங்கீதம் 56:3. பயம் போன பிறகு நம்புவேன் என்று தாவீது சொல்லவில்லை, பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. யோசுவா முதல் அதிகாரத்தில் கர்த்தர் திடமனதாயிரு என்று மூன்று முறை சொல்கிறார், பயப்படாத ஆளிடம் மூன்று முறை சொல்லத் தேவையில்லையே.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த உணவான மன்னாவை நினைத்துப் பாருங்கள். காலையில் பொறுக்க வேண்டும், அன்றைக்கு வேண்டியது கிடைக்கும். நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்று சிலர் எடுத்து வைத்தார்கள், அது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16:20). ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னபோது மட்டும் கெடவில்லை. நாற்பது வருஷம் இப்படித்தான் ஓடியது, ஒருவர் வீட்டிலும் அடுத்த மாதத்துக்கான மன்னா இருந்ததில்லை. பரிசோதனை முடிவு வரும் நாளுக்கான பெலன் இன்றைக்கு உங்களிடம் இல்லை, உண்மைதான். அது அன்றைக்குக் காலையில் வரும். இன்றைக்கு வந்தது இன்றைக்குப் போதும், தூங்குவதற்கு, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு, மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவைப்பதற்கு.

அப்புறம், தனியாகப் போகாதீர்கள். முடிவு வாங்கும் அன்றைக்குச் சபையில் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

12. அதே பாவத்தில் வருஷா வருஷம் விழுகிறேன். இன்னொரு வருஷம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லூக்கா 13-ல் ஒரு அத்திமரம் இருக்கிறது. மூன்று வருஷமாகக் கனி இல்லை. வெட்டிப்போடு, நிலத்தை ஏன் கெடுக்கிறது என்கிறான் எஜமான். தோட்டக்காரன், "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கெஞ்சுகிறான். நீங்கள் கேட்க வெட்கப்படுகிற அந்த இன்னொரு வருஷத்தை அவன் கேட்டு வாங்கிவிட்டான். வாங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். கொத்துவது வேருக்குப் பக்கத்தில் நடக்கிற வேலை, வலிக்கும். எருவும் வாசனையாக இருக்காது. வரும் வருஷத்தில் சில காரியங்கள் உங்களைத் தோண்டுவதுபோல் இருந்தால், அது கோபம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

அந்த மரம் கடைசியில் காய்த்ததா என்று இயேசு சொல்லவே இல்லை, கதை அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தப் பாவத்தை நம்பிக்கையான, வாய் காக்கிற ஒரு விசுவாசியிடம் அறிக்கையிடுங்கள். ரகசியமாக இருக்கும்வரை அதற்குப் பலம் அதிகம். 8-ஆம் கேள்வியில் சொன்ன ஜெபத்தை அவரையும் உங்களோடு சேர்ந்து ஜெபிக்கச் சொல்லுங்கள்.

13. "பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடு" என்கிறார்கள். என் மகன் இந்த வருஷம் இறந்துபோனான். அவனை விட்டுவிட்டு நான் எப்படி அடுத்த வருஷத்துக்குள் போவேன்?

அம்மா, அந்த வசனம் உங்கள் மகனைப் பற்றியது இல்லை. பிலிப்பியர் 3-ல் பவுல் மறப்பதாகச் சொல்வது தான் பெருமையாக நினைத்த தகுதிகளையும் இதுவரை ஓடிய ஓட்டத்தின் கணக்கையும்தான், தான் நேசித்தவர்களை இல்லை. அதே கடிதத்தில் தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்ததைச் சொல்லும்போது, துக்கத்தின்மேல் துக்கம் அடையாதபடிக்குத் தேவன் எனக்கும் இரங்கினார் என்று எழுதுகிறார். துக்கம் தெரிந்த மனுஷன் அவர். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

சங்கீதம் 56-ல் (11-ஆம் கேள்வியில் வந்த அதே சங்கீதம்) "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று இருக்கிறது. துருத்தி என்றால் தண்ணீர் ஊற்றி வைக்கிற தோல்பை. அவர் துடைத்துப் போட்டுவிடாமல் சேர்த்து வைக்கிறார். மகனை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் உங்களிடம் கேட்கவில்லை. அன்று இரவு மற்றவர்கள் சத்தமாக வாழ்த்துச் சொல்லும்போது உங்களால் முடியாவிட்டால் சொல்ல வேண்டாம். சீக்கிரம் படுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வீட்டுக்குப் போங்கள், வசனம் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள், அந்தப் பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

14. எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள். இந்த வருஷம் எனக்கு நன்றி சொல்ல ஒன்றுமே இல்லை. பொய் சொல்லச் சொல்கிறீர்களா?

பொய் வேண்டாம். எபெனேசர் என்ற பெயரை மட்டும் பாருங்கள். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி அந்தப் பெயரை வைத்தான் (1 சாமுவேல் 7:12). மூன்று அதிகாரம் முன்னால் போனால், இஸ்ரவேல் படுதோல்வி அடைந்த யுத்தத்தில் பாளயமிறங்கின இடத்தின் பெயரும் எபெனேசர்தான். முதலில் நாலாயிரம் பேர், அப்புறம் முப்பதாயிரம் பேர் விழுந்தார்கள், உடன்படிக்கைப் பெட்டியும் போனது. இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, அழுகைக்கே பெயரான அந்தச் சொல்லை எடுத்துத்தான் நன்றிக்கல்லுக்கு வைத்தான்.

"இம்மட்டும்" என்பதில் அந்தத் தோல்வியும் அடக்கம். எல்லாம் நன்றாக நடந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் நடுவில் இன்றுவரை என்னை விடவில்லை என்று சொல்ல முடிந்தால் அது முழுச் சாட்சி. அதுவும் வரவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திருங்கள், அடுத்தவர் சாட்சி உங்களுக்காகவும் ஒலிக்கட்டும்.

15. ஏழு வருஷமாக ஒரே ஜெபம். இந்த வருஷமும் அதையே கேட்கலாமா, இல்லை விட்டுவிட வேண்டுமா?

கேளுங்கள். குழந்தை இல்லாத அன்னாள் வருஷந்தோறும் அழுதுகொண்டே ஆலயத்துக்குப் போனாள். நான் அந்தப் பகுதியில் எப்போதும் நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. ஜெபித்து முடித்துப் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது. அப்போது குழந்தை இல்லை, ஒன்றும் மாறவில்லை. பாரத்தை இறக்கி வைத்துவிட்டாள், அவ்வளவுதான். பவுலும் தன் மாம்சத்தில் குத்திய முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டார், அவருக்கு முள் எடுபடவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. இரண்டில் எது உங்களுக்கு வரும் என்று நான் சொல்ல முடியாது, சொல்கிறவர்களையும் 7-ஆம் பதிலை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

நோவாவின் கதையில் ஒரு சின்ன விஷயம். முதல் மாதம் முதல் தேதி, அதாவது புது வருஷத்தின் முதல் நாள், தண்ணீர் வற்றியிருந்தது, நோவா மேல்தட்டை எடுத்துப் பார்த்தான், நிலம் தெரிந்தது. ஆனால் வெளியே வரும்படி கர்த்தர் சொன்னது இரண்டாம் மாதம் இருபத்தேழாம் தேதி. ஏறக்குறைய எட்டு வாரம், காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேழைக்குள் இருந்தான். பதில் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வந்த பிறகு காத்திருப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கிறது, உங்களுக்கும் அப்படியாக இருக்கலாம்.

16. உண்மையைச் சொன்னால் எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கிறது. பழக்கத்துக்காகத்தான் வருகிறேன். நான் என்ன ஜெபிப்பது?

மாற்கு 9-ல் ஒரு தகப்பன், அசுத்த ஆவி பிடித்த தன் பிள்ளைக்காக, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். சீஷர்களால் முடியாமல் போனதைப் பார்த்துவிட்டு வந்தவன், அரை நம்பிக்கைதான் அவனிடம் இருந்தது. அரைக்கும் குறைவாகக்கூட இருந்திருக்கலாம். முதலில் முழு விசுவாசத்தோடு திரும்பி வா என்று இயேசு அனுப்பவில்லை, அப்போதே பிள்ளையைக் குணமாக்கினார். அந்த ஒரு வரியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி வாயில் வராவிட்டால் இரண்டாம் பாதியை மட்டும் சொல்லுங்கள்.

பழக்கத்துக்காக வருவதை விட்டுவிடாதீர்கள். எங்கள் குழுவில் இப்படி ஒருவர் ஜனவரியிலிருந்து வாயே திறக்காமல் வந்து உட்கார்ந்திருந்தார், யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. நவம்பரில் ஒருநாள், வழக்கமாகச் சங்கீதம் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. யார் வாசிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து இவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.